குழுக் கடன் கட்டுப்படியாகுமா? பணம் வாங்கும் முன்பே கணக்குப் பார்க்கும் முறை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி, எருத்தேம்பதி, மீனாட்சிபுரம், கோபாலபுரம் என்று பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் இருக்கும் ஊர்களில், பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று வாங்கும் குழுக் கடன் நுழையாத தெரு அரிது. ஒரு வீட்டில் தவணை நின்றால் உடனே எழும் பேச்சு, "அந்த அம்மா சரியில்லை" என்பதுதான். தவறிப்போன கடன்களைப் பிரித்துப் பார்த்தால் குணக்கேட்டைவிடக் கணக்குக் கோளாறுதான் அடிக்கடி கண்ணில் படும். வீட்டில் ஏற்கெனவே எத்தனை தவணை ஓடுகிறது? தவணை விழும் நாளில் கையில் காசு இருக்குமா? வாங்கிய பணம் எப்போது திரும்பக் காசாகும்? இந்த மூன்று கேள்விக்கும் பதில், பணம் கைக்கு வருவதற்கு முன்பே கிடைத்துவிடும். உட்கார்ந்து கேட்க ஒரு மணி நேரம் போதும்.

குழுத் தலைவிகள், இன்னொருத்தி கடனுக்குச் சேர்ந்து கையெழுத்துப் போடப் போகிறவர்கள், புதிதாகக் களப்பணிக்கு வந்த பிள்ளைகள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர், வீட்டில் உள்ள எல்லா லோன் கார்டும் வேண்டும்.

கிழமை கிழமையாகக் கேளுங்கள்

"உங்களுக்கு எத்தனை கடன் இருக்கு?" என்று கேட்டால் உண்மை வராது. ஒளிப்பது மட்டும் காரணமில்லை. நகை அடகையும் சீட்டையும் கடைப் பற்றையும் பலர் கடனாகவே எண்ணுவதில்லை. கேட்கும் விதத்தை மாற்றுங்கள். "திங்கக்கிழமை யாருங்க்கா வருவாங்க? செவ்வாய்க்கிழமை?" என்று சனிக்கிழமை வரை போங்கள். பிறகு மாதத் தேதிகளைக் கேளுங்கள்: 5-ஆம் தேதி எது, 10-ஆம் தேதி எது. ஆள் வந்து வாங்கும் பணம், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் பணம், நீங்களே போய்க் கட்டும் பணம் என்று மூன்று பத்தியாக எழுதுங்கள். இப்படிக் கேட்டால் இரண்டு கடன் என்று தொடங்கிய வீட்டில் நான்கைந்து தவணை வெளியே வருவது சாதாரணம்.

எதையெல்லாம் எழுதுவது? குழுக் கடன்கள், மகளிர் குழுவோ கேரளத்தின் குடும்பஸ்ரீ அயல்கூட்டமோ (அக்கம்பக்கப் பெண்கள் குழு) தன் சேமிப்பிலிருந்து தரும் உள்கடன், அந்தக் குழுவுக்கு வங்கி தரும் இணைப்புக் கடன், நகைக் கடன் வட்டி, சீட்டு (கேரளப் பக்கம் அதன் பெயர் குறி), பைக் தவணை, செல்போன் தவணை, பால் சங்கத்தில் பிடிக்கும் மாட்டுக் கடன், செல்போன் ஆப்பில் வாங்கிய பணம், மளிகைக் கடைப் பற்று. கடைசியாக ப்ளேடு, அதாவது கந்துவட்டி. வார வட்டிக்காரரைப் பற்றி முதலிலேயே கேட்டால் வாய் மூடிக்கொள்ளும், அதனால் அதைக் கடைசிக்கு வையுங்கள்.

கணக்கு ஆளுக்கு ஆள் இல்லை, வீட்டுக்கு. ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த நுண்கடன் விதிகளும் இப்படித்தான் பார்க்கின்றன: கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு வீடு. அந்த வீட்டின் ஆண்டு வருமானம் 3 லட்ச ரூபாய்க்குள் இருந்து, ஈடு இல்லாமல் கொடுக்கப்பட்டால் அது நுண்கடன். வீட்டின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாமியார் பெயரில் ஓடும் கடன் இந்தச் சட்டக் கணக்கில் வராமல் போகலாம். கட்டுகிற கை மருமகளுடையது என்றால் நம் நோட்டில் அது வந்தாக வேண்டும்.

அடுத்தது கடன் அறிக்கை. நாட்டில் சிபில், ஈக்விபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் கடன் விவரம் வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அறிக்கையை எடுத்து நோட்டோடு ஒப்பிடுங்கள். அதில் ப்ளேடு, சீட்டு, கடைப் பற்று, அயல்கூட்ட உள்கடன் இராது. கடன் கொடுத்தவர்கள் விவரத்தை உடனுக்குடன் அனுப்புவதில்லை என்பதால், போன வாரம் வாங்கிய கடனும் இல்லாமல் போகலாம்.

எல்லை ஊர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பிறந்த வீடு பொள்ளாச்சிப் பக்கம், புகுந்த வீடு பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா. வாக்காளர் அட்டை ஒரு மாநில முகவரியில், ஆதார் இன்னொரு மாநில முகவரியில். ஒரு கடன் கம்பெனியில் வாக்காளர் அட்டையையும் மற்றொன்றில் ஆதாரையும் கொடுத்திருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்று அறிக்கையில் பொருந்தாமல் போக வாய்ப்புண்டு. தமிழில் இனிஷியலும் மலையாளத்தில் வீட்டுப் பெயருமாகப் பெயர் மாறியிருந்தாலும் இதே கதைதான். களப்பணியாளர் இரண்டு அடையாள எண்ணிலும் தேடிப் பார்க்க வேண்டும். அறிக்கையில் ஒரே ஒரு கடன்தான் காட்டுகிறது என்று மகிழ்ந்து கையெழுத்துப் போட்ட குழு, ஆறு மாதத்தில் மற்றக் கம்பெனிக்காரர்களை அதே வாசலில் பார்க்கும்.

இன்னொரு கேள்வியைத் தனியாக, மற்றவர்கள் இல்லாதபோது கேளுங்கள்: "இந்தப் பணம் உங்களுக்குத்தானுங்களா?" தன் பெயரில் கடன் எடுத்து நாத்தனாருக்கோ குழுத் தலைவிக்கோ கொடுப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. பணம் ஒருவரிடம், பொறுப்பு இன்னொருவரிடம் என்றால் அந்தத் தவணை முதல் மனத்தாங்கலிலேயே நின்றுவிடும். இதற்குத் தீர்வு தேடாதீர்கள். அந்த விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வருமானத்தைச் சராசரியில் எழுதாதீர்கள்

விண்ணப்பத்தில் மாத வருமானம் என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். அதில் ஒரு எண்ணைப் போட்டு முடித்துவிடுவதுதான் பெரிய பிழை. நோட்டில் பன்னிரண்டு கட்டம் போடுங்கள்.

இந்தப் பகுதியின் காசு ஓட்டம் ஏறக்குறைய இப்படி இருக்கும். தை முதல் வைகாசி வரை முதலமடை மாந்தோப்புகளில் மருந்தடிப்பு, பறிப்பு, பெட்டி கட்டும் வேலை. மாசி, பங்குனியில் இரண்டாம் போக நெல் அறுப்பு. நெல்லைக் கேரள அரசின் கொள்முதல் நிறுவனமான சப்ளைகோவுக்கு அளந்தவர்களுக்குப் பணம் கைக்கு வரப் பல வாரம் ஆவதுண்டு. நெல் அளந்த ரசீதின் மேல் வங்கி தரும் தொகையும் விவசாயி பெயரில் கடனாகவே நடத்தப்பட்டு வந்திருக்கிறது, ஆகவே கடன் அறிக்கையில் அதையும் பாருங்கள். ஜூனில் இரண்டு மாநிலத்திலும் பள்ளிக்கூடம் திறக்கும். பணம் போகும் மாதம் அது. அதே மாதம் தென்மேற்கு மழை இறங்கும். கொழிஞ்சாம்பாறையில் வெயில் அடித்தாலும், ஆட்கள் வேலைக்குப் போகும் பாலக்காட்டிலும் திருச்சூரிலும் கான்கிரீட் வேலை நின்றுவிடும். ஆடி மாதம், மலையாளக் கர்க்கடகம், இரண்டு பக்கத்திலும் கை வறண்ட மாதம். ஆவணியில் ஓணத்துக்குக் காய்கறி கிராக்கி ஏறும். வேலந்தாவளம் சந்தைக்குக் காய் போடுகிற வீடுகளில் அப்போது காசு புழங்கும். பிறகு தீபாவளிச் செலவு.

தமிழ்நாட்டு ரேஷன் கார்டு இருக்கும் வீட்டில் 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் மாத நடுவில் வரலாம். வரப்பு தாண்டிக் கேரளப் பக்கம் போனால் அது கிடையாது. நூறு நாள் வேலைக் கூலியை எந்தத் தவணைக்கும் நம்பி எழுத வேண்டாம். தொகை வரும், தேதிதான் நம் கையில் இல்லை. பால் காசுக்கு எதிர்மாறான குணம்: தொகை ஏறி இறங்கும், ஆனால் சங்கம் பட்டுவாடா செய்யும் நாள் நிலையானது. தவணை நாளை வைத்துக்கொள்ளத் தோதான வருமானம் அதுதான்.

ஒரு மாதிரிக் கணக்கு. கணவர் கட்டட வேலை. பஸ், சாப்பாடு போக நாளுக்கு 750 ரூபாய் வீடு வந்து சேருகிறது. நல்ல மாதத்தில் 22 நாள் வேலை, 16,500. மழை மாதம் மூன்றில் 12 நாள் வேலை, 9,000. ஒரு கறவை மாடு, நாளுக்கு 8 லிட்டர் சங்கத்துக்கு. லிட்டர் 45 ரூபாய் என்று வைத்தால் மாதம் 10,800. தீவனம், மருந்து 6,000 போக நிற்பது 4,800. ஆண்டில் மூன்று மாதம் மாடு பால் வற்றி நிற்கும். அப்போதும் தீனிக்கு 2,500 போகும். வீட்டுச் செலவு மாதம் 11,000.

நல்ல மாதத்தில் வரவு 21,300. செலவு போக மிச்சம் 10,300. மழையும் வற்றலும் சேர்ந்து வந்த மாதத்தில் வரவு 6,500 மட்டும். செலவு போகத் துண்டு விழுவது 4,500. ஆண்டு மொத்த வரவு 2,11,200. மாதச் சராசரி 17,600. பாதி விதிப்படி இந்த வீட்டுக்கு 8,800 ரூபாய் வரை தவணை இருக்கலாம். ஆனால் ஆண்டு முழுவதும் செலவு போக மிஞ்சுவதே 79,200தான், அதாவது மாதத்துக்கு 6,600. 8,800 வீதம் கட்டினால் ஆண்டுக்கு 1,05,600 வேண்டும். விதிக்குள் நின்றுகொண்டே இந்த வீடு மூழ்கும். பாதி என்பது கம்பெனி தாண்டக் கூடாத எல்லை. அதை வீட்டின் தாங்குசக்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆண்டு மிச்சத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்பது நாங்கள் சொல்லும் அளவு. இந்த வீட்டுக்கு எல்லாத் தவணையும் சேர்த்து மாதம் 3,300. மீதிப் பாதி காய்ச்சலுக்கும் காதுகுத்துக்கும் போகும், போகாமல் இருந்ததில்லை.

எந்த மாதத்தில் வாங்குவது

பலரும் பார்க்காமல் விடும் இடம் இது. அதே வீடு, மாதம் 2,650 ரூபாய் தவணை வரும் கடன் வாங்குகிறது. மாடும் மழையோடு சேர்ந்தே வற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மழை மாதம் மூன்றிலும் துண்டு விழும் 4,500-உம் தவணை 2,650-உம் சேர்ந்தால் மாதம் 7,150, மூன்று மாதத்துக்கு 21,450. மார்ச் கடைசியில் கடன் வாங்கினால் மழைக்கு முன் இரண்டு நல்ல மாதம்தான் இருக்கும். தவணை போக மாதம் 7,650 வீதம், ஒரு ரூபாய்கூட வேறு எதற்கும் தொடாமல் சேர்த்தாலும் 15,300. ஆறாயிரம் குறையும். அந்த ஆறாயிரத்துக்குத்தான் ஆடி மாதத்தில் ப்ளேடு வீட்டுக்குள் வருகிறது. அதே கடனை ஆகஸ்ட் கடைசியில் வாங்கினால் ஒன்பது நல்ல மாதம் முன்னால் இருக்கும். மாதம் 2,400 ஒதுக்கினால் மழைக்காலம் கடந்துவிடும். அஞ்சலகத் தொடர் வைப்பிலோ சங்கச் சேமிப்பிலோ அதைப் போடுங்கள். வீட்டில் வைத்தால் நிற்காது.

ஏப்ரல், மே மாதத்தில்தான் கோயில் நோன்பு, கல்யாணம், பள்ளிக்கூடம் என்று கடன் கேட்பவர்கள் கூடுவார்கள், கம்பெனிகளும் அப்போது தாராளமாகக் கொடுக்கும். மாட்டுக்கோ தொழிலுக்கோ வாங்கும் கடன் என்றால் ஓணம் தாண்டட்டும் என்று சொல்லிப் பாருங்கள். கோபம் வரும், சொல்லத்தான் வேண்டும்.

தவணைக் கணக்கைப் பிரித்துப் படித்தல்

50,000 ரூபாய், 24 மாதம், குறையும் நிலுவைக்கு ஆண்டு 24 சதவீத வட்டி. மாதத் தவணை 2,644 வரும். மொத்தம் கட்டுவது சுமார் 63,450, வட்டி சுமார் 13,450. இதையே ஒருவர் "பதிமூணரை சதவீதம்தான்" என்றும் சொல்லலாம். முழுத் தொகைக்கும் இரண்டு ஆண்டும் வட்டி போடும் ஃப்ளாட் கணக்கில் அந்த 13,450 ஆண்டுக்கு 13.45 சதவீதம்தானே. இரண்டு கம்பெனியை ஒப்பிடும்போது சதவீதத்தை விட்டுவிட்டு மூன்று எண்ணைக் கேளுங்கள்: கைக்கு வருவது எவ்வளவு, ஒரு தவணை எவ்வளவு, எத்தனை தவணை. செயலாக்கக் கட்டணம் 500, அதன் மேல் ஜி.எஸ்.டி. 90, காப்பீடு 900 என்று பிடித்தால் கைக்கு வருவது 48,510. கட்டுவது மட்டும் 50,000-க்கான தவணை. எல்லாச் செலவும் சேர்ந்த வட்டி விகிதம் கம்பெனி தரும் விவரத் தாளில் இருந்தே ஆக வேண்டும். லோன் கார்டு கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கேரள முகவரி என்பதற்காக மலையாளக் கார்டு கொடுத்தால், தமிழில் கேட்டு வாங்குங்கள்.

நாலு வாரத்துக்கு ஒருமுறை தவணை என்பதை மாதத் தவணை என்று நினைத்துவிட வேண்டாம். 28 நாளுக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 13 தவணை. ஏதோ ஒரு மாதத்தில் இரண்டு விழும். அந்த மாதம் எது என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அது ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் விழுந்தால் இப்போதே பணம் ஒதுக்க வேண்டும்.

வாரமா மாதமா என்பதில் கம்பெனிகளுக்கு ஒரு பயம் உண்டு, வாரம் வாங்காவிட்டால் பணம் வராது என்று. கொல்கத்தாவில் முதன்முறை கடன் வாங்கியவர்களிடம் வாரத் தவணையையும் மாதத் தவணையையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வில், தவறுவதில் வேறுபாடு தெரியவில்லை. அதே நகரில் முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளி வைத்துப் பார்த்த மற்றோர் ஆய்வில் தொழிலில் போட்ட முதலும் லாபமும் கூடின, தவறியவர்களும் கூடினார்கள். ஆகவே தவணை நாளை வருமான நாளோடு பொருத்தித் தரக் கேட்பதில் தவறில்லை. கட்டாத காலம் கேட்பவர்கள் அந்தப் பணம் தொழிலில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக் கேட்க வேண்டும்.

பணம் எதற்குப் போகிறது

கறவை மாடு வாங்கினால் மறுநாள் முதல் பால் காசு. கிடாரி வாங்கினால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் தீனி மட்டும். இரண்டையும் "மாட்டுக் கடன்" என்றே விண்ணப்பத்தில் எழுதுவார்கள். ஆடு வளர்ப்பும் அப்படித்தான், குட்டி விற்க ஆறேழு மாதம் ஆகும். அதை வாரத் தவணையில் வாங்கினால் தவணை கூலிக் காசிலிருந்துதான் போகும், ஆட்டிலிருந்து போகாது.

பொள்ளாச்சிச் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர்கள், இரண்டாம் அல்லது மூன்றாம் ஈத்து, புதிதாகக் கன்று ஈன்ற மாடாகப் பாருங்கள். முந்தின வேளைப் பாலைக் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவது பழைய தந்திரம். கூடுமானால் விற்பவர் வீட்டிலேயே மாலையும் மறுநாள் காலையும் கறந்து அளந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள். நாலு காம்பிலும் பால் ஒரே சீராக இறங்குகிறதா, முதல் பீச்சில் திரி திரியாக வருகிறதா என்பதைப் பார்க்காமல் வாங்கி, மடிநோயில் ஒரு காம்பு போனால் எட்டு லிட்டர் ஆறாகும். மேலே போட்ட கணக்கில் மாதம் 2,700 குறையும். ஒரு தவணையே போய்விட்டது. வாங்கிய வாரமே காதில் அடையாள எண் உள்ள கம்மல் போட்டு மாட்டுக் காப்பீடு எடுங்கள். கடனோடு பிடிக்கும் காப்பீடு பெரும்பாலும் கடன் வாங்கியவர் உயிருக்கானது. மாடு செத்தால் அதில் பணம் வராது.

பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்குவது எப்போதுமே கெடுதல் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். வாரம் பத்துக்கு ஒன்று என்று ஓடும் வட்டியைக் குழுக் கடனால் ஒரேயடியாக அடைத்தால் வீடு மூச்சு விடும். ஒரு நிபந்தனை: பணம் வந்த அன்றே, குழுவில் ஒருவர் கூடப் போய், ப்ளேடுகாரரிடம் கொடுத்த வெற்றுச் செக், கையெழுத்திட்ட பத்திரம், அடகு ரேஷன் கார்டு எல்லாம் திரும்ப வாங்க வேண்டும். பாதி அடைத்துவிட்டு மீதிக்கு வட்டி கட்டுவேன் என்பது இரண்டு கடனாகத்தான் முடியும். கேரளப் பக்கம் இருப்பவர்கள் முதலில் குடும்பஸ்ரீ வழியாக நடக்கும் 'முற்றத்தெ முல்ல' கிடைக்குமா என்று கேளுங்கள். வட்டிக்காரர்களுக்கு மாற்றாகக் கூட்டுறவு சங்கப் பணத்தை அயல்கூட்டப் பெண்களே வீட்டு வாசலில் கொடுத்து வசூலிக்கும் இந்தத் திட்டம் 2018-இல் பாலக்காடு மாவட்டத்தில்தான் தொடங்கியது.

சிகிச்சைக்கு வாங்கிய கடன்தான் மிக வேகமாகக் கெட்டுப்போகும், ஏனென்றால் வருமானமும் அதே நேரத்தில் படுத்துவிடும். எந்த மாநில ரேஷன் கார்டோ அந்த மாநில மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறதா, எல்லை தாண்டிக் கோயம்புத்தூரிலோ பாலக்காட்டிலோ எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்பதைக் கடன் பேசும்போதே எழுதி வையுங்கள்.

யாரோடு சேர்ந்து கையெழுத்துப் போடுவது

அக்கம்பக்கம், பழகின முகம் என்பது மட்டும் போதாது. ஐந்து பேரும் ஒரே மாந்தோப்பில் வேலை என்றால், பூ கருகிய ஆண்டில் ஐந்து தவணையும் ஒன்றாக நிற்கும். அப்போது யார் யாருக்காகக் கட்டுவது? ஒருத்திக்குப் பால், ஒருத்திக்குத் தையல், ஒருத்தி வீட்டில் மில் சம்பளம் என்று கலந்திருந்தால் ஒருவர் தடுமாறும்போது மற்றவர்கள் ஒன்றிரண்டு தவணை தாங்குவார்கள். ஒரே வீட்டுப் பெண்கள் இரண்டு பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம்.

சேர்ந்து பொறுப்பேற்பதுதான் கடனைக் காப்பாற்றுகிறது என்ற நம்பிக்கையும் சற்று மிகை. பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி குழுப் பொறுப்பை எடுத்துவிட்டுத் தனித்தனிப் பொறுப்பாக்கிப் பார்த்தபோது தவறுவோர் கூடவில்லை. கூட்டத்துக்கு வருவதும் ஒருவரையொருவர் பார்ப்பதும் தனியாகவே பலன் தருகின்றன. அதனால், "இன்னிக்குக் கட்டாதவளுக்காக எல்லாரும் ராத்திரி வரை உட்காருங்கள்" என்று வைப்பதில் பகைதான் மிஞ்சும். குழு தாங்குவதற்கு ஓர் எல்லையை முதல் கூட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்: ஒருவருக்கு இரண்டு தவணை வரை, அதுவும் காரணம் தெரிந்தால், திருப்பித் தரும் தேதியோடு.

கடன் வாங்கித் தந்ததற்குத் தலைவி ஆளுக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொண்டால் அந்தக் குழுவில் சேராதீர்கள். தலைவி கையில் காசைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதும் கூடாது. கார்டில் கையெழுத்தோ செல்போனில் குறுஞ்செய்தியோ வராத பணம் கட்டாத பணம். கூகுள் பேயில் அனுப்பினால் கம்பெனி பெயர் தெரியும் க்யூஆரில் மட்டும் அனுப்புங்கள், வசூலிக்கும் தம்பியின் சொந்த எண்ணுக்கு வேண்டாம்.

நுண்கடன் நிறுவனங்களின் கூட்டமைப்பான எம்ஃபின் தன் உறுப்பினர்களுக்கு, ஒருவருக்கு மூன்று நிறுவனத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று 2025 ஏப்ரல் முதல் வரம்பு வைத்திருக்கிறது; ஈடில்லாக் கடன் மொத்தம் 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதன் வரம்பு. இரண்டாவது நிறுவனத்தோடு நின்றுகொள்வது இன்னும் நல்லது.

தவறுவதற்கு முன்பு தெரியும் அறிகுறிகள், முதல் முப்பது நாள்

தவணை ஒரே நாளில் நிற்பதில்லை. முதலில் கூட்டத்துக்குப் பிள்ளையிடம் காசு கொடுத்தனுப்புவார்கள். பிறகு நேரம் தாண்டி வரும். பிறகு பக்கத்து வீட்டுக் கைமாற்றில் வரும். பழைய கடன் முடிவதற்குள் "டாப் அப் எப்பக் கிடைக்கும்?" என்ற கேள்வி வரும், அதாவது ஓடும் கடனுக்கு மேல் கூடுதல் கடன். கணவர் எர்ணாகுளத்துக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்ப் பணம் அனுப்பாத மாதமாக இருக்கலாம், மாடு வற்றியிருக்கலாம். இரண்டாவது அறிகுறியிலேயே வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்துப் புதுக் கணக்குப் போடுங்கள்.

தவறிவிட்டால் முதல் வேலை, அந்தத் தவணைக்காக வேறு கடன் வாங்காமல் தடுப்பது. இரண்டாவது, கிளை மேலாளரிடம் எழுத்தில் காரணம் சொல்லி, எவ்வளவு எப்போது கட்ட முடியும் என்று தேதி கொடுப்பது. முழுத் தவணை இல்லையென்றால் இருப்பதைக் கட்டி ரசீது வாங்குங்கள். 90 நாள் தாண்டினால் வாராக் கடனாகிவிடும், அதற்கு முன்பே பேசினால் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக் கேட்க இடம் இருக்கிறது. தாமத அபராதம் தவறிய தொகைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கும் போடக் கூடாது. முன்கூட்டி அடைத்தால் அபராதமே கிடையாது.

வசூலுக்கு வருபவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருவரும் ஒத்துக்கொண்ட இடத்தில்தான் வசூல். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ போகலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் பேசக் கூடாது. மிரட்டல், ஆபாசப் பேச்சு, உறவினரையும் கூட வேலை செய்பவர்களையும் தொந்தரவு செய்தல், பெயரை வெளியிட்டு அவமானப்படுத்தல் எல்லாம் ரிசர்வ் வங்கி விதிப்படி தடை. மீறினால் லோன் கார்டில் உள்ள குறைதீர் எண்ணில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். உதவி எண் 14448.

"கடன் தள்ளுபடியாகப் போகுது, யாரும் கட்டாதீங்க" என்ற பேச்சு தேர்தல் காலத்தில் ஊர் ஊராகப் பரவும். 2010 அக்டோபரில் ஆந்திர அரசு, தற்கொலைகளுக்குப் பிறகு, நுண்கடன் வசூலைக் கட்டுப்படுத்தி அவசரச் சட்டம் போட்டது. சட்டத்துக்குக் காரணமான கொடுமை உண்மையானது. வீட்டுக் கணக்குப் பார்க்காமல் ஒருவருக்கே பல கம்பெனிகள் கொடுத்து, மிரட்டி வாங்கியதன் விளைவு அது. ஆனால் வசூல் ஏறக்குறைய நின்றபோது புதுக் கடனும் நின்றது. ஆந்திரத்தின் சித்தூர், நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் உட்பட, ஒழுங்காகக் கட்டியவர்களும் மறுபடி வட்டிக்காரரிடம் போக நேர்ந்தது. தள்ளுபடி என்றால் அரசாணை எண் இருக்கும். அது கையில் வரும்வரை தவணையைத் தொடருங்கள்.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால், கம்பெனி ஆளுக்காகக் காத்திராமல் இறப்புச் சான்று, நாமினியின் ஆதார், வங்கிப் புத்தக நகல், லோன் கார்டு ஆகியவற்றை ஒரே வாரத்தில் கிளையில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். காப்பீடு பிடித்திருக்கும் கடனில், துக்க வீட்டில் தவணை கேட்பதைக் குழு அனுமதிக்க வேண்டியதில்லை. கணவர் பெயரும் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று கார்டில் பாருங்கள், சேர்ந்திருந்தும் தெரியாமல் கட்டிக்கொண்டிருக்கும் விதவைகள் உண்டு.

கடைசித் தவணைக்குப் பிறகு

கடன் முடிந்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி, லோன் கார்டோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். முடிந்த கடன் இன்னும் ஓடுவதாகக் காட்டினால் அடுத்த விண்ணப்பம் அதனாலேயே தள்ளப்படும். கம்பெனிக்கும் அறிக்கை நிறுவனத்துக்கும் திருத்தக் கோரிக்கை அனுப்புங்கள். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு கேட்க உரிமை உண்டு. கோரிக்கை அனுப்பிய தேதி தெரியும்படி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.